காற்றே கனலாகும் வேகம்



சென்ற கோடை விடுமுறையின்போது எமது பள்ளியின் மேற்பிரிவு மாணவர்களை அழைத்துக்கொண்டு, இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கேயுள்ள புறூக்லண்ட்ஸ் நூதனசாலைக்குச் சென்றிருந்தோம். அங்கே கொன்கோட் விமானம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. நூறு பேரை ஏற்றிக்கொண்டு ஒலியின் இருமடங்கு வேகத்திற் பறந்த முதலாவது விமானம் அதுவேயாகும். கொன்கோட் விமானங்கள் 1976 முதல் 2003 வரை பயணிகள் சேவையில் ஈடுபட்டிருந்தன. எம்மிற் பலர் இந்நாட்டிற்கு வந்த புதிதில் அவற்றின் முழக்கத்தை வானிலே கேட்டிருப்போம்.

அவ்விமானத்தைச் சுற்றிக் காட்டியவர், "பறக்கும்போது இது ஏறத்தாழ ஒரு சாண் நீளம் கூடிவிடும்" என்று கூறினார். உடனே எமது மாணவி ஒருத்தி, பதினொரு வயதினள், "சேர், விமானம் என்ன இறப்பரா, இழுபட்டு நீளுவதற்கு?" என்று எம்மிடம் வினவினாள். மற்றைய பிள்ளைகள் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அது சிரிப்பதற்குரிய வினா அன்று. திரும்பி வரும் வழியில் அதற்குப் பாதி விடையே கூற முடிந்தது. மீதி விடையை இம்மலரிலே எழுத முற்படுகின்றோம். கொன்கோட்டில் தொடங்கி, அதனினும் பன்மடங்கு விரைவாகப் பறந்த ஊர்திகளை வெப்பமும் காற்றும் எவ்வாறு வளைத்தன, உடைத்தன என்பதை ஈண்டுக் காண்போம்.

வேகத்தை அளக்கும் கோல்

கடல்மட்டத்திலே, மிதமான வெப்பநிலையில், ஒலியானது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். குளிர்ந்த காற்றில் அது மெதுவாகச் செல்லும். கொன்கோட் பறந்த 18 கிலோமீற்றர் உயரத்திலே காற்றின் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 56 பாகை செல்சியஸ் வரையில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் செக்கனுக்கு 295 மீற்றர் மட்டுமே.

ஓர் ஊர்தியின் வேகம் ஒலியின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் கூறும் எண்ணை மாக் எண் என்பர். ஏர்ணஸ்ட் மாக் என்னும் ஒஸ்திரிய விஞ்ஞானியின் பெயரால் அது வழங்குகின்றது. மாக் ஒன்றிற்கு மேற்பட்டது மீயொலி வேகம். மாக் ஐந்திற்கு மேற்பட்டதை அதிமீயொலி வேகம் எனலாம். கொன்கோட்டின் வேகம் மாக் இரண்டே. மாக் ஐந்து என்பது அவ்வுயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 5,300 கிலோமீற்றராகும்.

ஐந்து என்னும் எல்லை கூர்மையான கோடன்று. அங்கே திடீரென ஒரு வாயில் திறப்பதில்லை. ஆயினும் அவ்வளவு வேகத்தை அண்மிக்கும்போது ஒரு மாற்றம் நேர்கின்றது. அதுவரை விமானத்தைத் தாங்குவதும் தடுப்பதுமே காற்றின் வேலையாக இருந்தது. இனி, அதனைச் சுடுவதும் காற்றின் முதன்மையான வேலையாகி விடுகின்றது.

வெப்பம் எங்கிருந்து வருகின்றது?

"காற்று உராய்வதாற் சூடாகின்றது" என்று பலரும் கூறுவர். இது பாதி உண்மையே. மற்றப் பாதியை அறிய, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். விரைவாகப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்தபின் அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தாற் கை சுடும். அங்கே காற்று அமுக்கப்பட்டது, அமுக்கப்பட்டதாற் சூடேறியது.

அதிவேகமாகச் செல்லும் ஊர்தியின் மூக்கின் முன்னும் இதுவே நிகழ்கின்றது. சாதாரண வேகத்தில், விமானம் வருகின்றது என்னும் செய்தியை ஒலியலைகள் முன்னே சென்று காற்றிற்கு அறிவிக்கும். காற்று விலகி வழிவிடும். ஒலியை முந்திச் செல்லும் ஊர்தியைப் பற்றி முன்னே செய்தி செல்வதில்லை. காற்று விலக நேரமின்றி, மிக மெல்லிய ஒரு படையிலே சட்டென நெருக்குண்கின்றது. இதனை அதிர்ச்சியலை என்பர். மூக்கின் நுனியிலே காற்று முற்றாக நிறுத்தப்படுகின்றது. ஓட்டத்திலிருந்த அதன் சக்தி முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. அதன்பின் ஊர்தியின் தோலை ஒட்டி ஓடும் மெல்லிய படலத்திலே உராய்வும் தன் பங்கிற்கு வெப்பத்தைக் கூட்டுகின்றது.

எவ்வளவு வெப்பம் என்பதைக் கணித்துப் பார்ப்போம். மாக் எண்ணை அதே எண்ணாற் பெருக்குக. வரும் விடையை ஐந்தால் வகுத்து, அதனோடு ஒன்றைக் கூட்டுக. இதனாற் புறக்காற்றின் கெல்வின் வெப்பநிலையைப் பெருக்குக. நிறுத்தப்பட்ட காற்றின் வெப்பநிலை கிடைக்கும். பூச்சியத்திற்குக் கீழ் 56 பாகை செல்சியஸ் என்பது 217 கெல்வின் ஆகும்.

மாக் இரண்டிலே பெருக்கும் எண் 1.8, விடை 390 கெல்வின், அதாவது 117 பாகை செல்சியஸ். நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கடந்துவிட்டோம். மாக் ஐந்திலே பெருக்கும் எண் 6. விடை 1,302 கெல்வின், அதாவது ஏறத்தாழ 1,030 பாகை செல்சியஸ். அலுமினியம் 660 பாகையிலே உருகிவிடும் என்பதை நினைவிற்கொள்க. வேகம் இரண்டரை மடங்கு கூட, வெப்பநிலையின் ஏற்றம் ஆறு மடங்கிற்கு மேற் கூடியது. மாக் எண்ணை அதே எண்ணாற் பெருக்குவதன் விளைவு இது.

இன்னும் மேலே சென்றால் இந்தக் கணக்கும் பொருந்தாது. வெப்பத்தின் ஒரு பகுதி, காற்றிலுள்ள ஒட்சிசன் மூலக்கூறுகளையும், பின்னர் நைதரசன் மூலக்கூறுகளையும் உடைப்பதிலே செலவாகும். ஊர்தியின் தோலும் காற்றின் முழு வெப்பநிலையை அடைவதில்லை. பெற்ற வெப்பத்தின் ஒரு பகுதியைக் கதிர்வீச்சாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். எனினும் பொறியியலாளர் எதிர்கொள்ளும் நெருப்பின் அளவு விளங்கியிருக்கும்.

வெப்பம் உலோகத்தை என்ன செய்கின்றது?

ஊரிலே கொல்லன் மாட்டுவண்டிச் சில்லிற்கு இரும்பு வளையம் பூட்டுவதைப் பெற்றோர்களுட் சிலர் பார்த்திருக்கக்கூடும். வளையத்தைச் சில்லினும் சற்றுச் சிறியதாகவே செய்வார். அதனை நெருப்பிலிட்டுக் காய்ச்சுவார். வளையம் விரியும். மரச்சில்லின்மேல் அதனைப் பொருத்தி நீரை ஊற்றுவார். வளையம் சுருங்கிச் சில்லை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. வெப்பமே அங்கு வேலை செய்தது.

விமானமும் அவ்வாறே விரிகின்றது. கொன்கோட்டின் நீளம் 62 மீற்றர். ஒரு மீற்றர் அலுமினியம் ஒரு பாகைக்கு 0.000023 மீற்றர் நீளும். நூறு பாகை கூடுமாயின் 62 × 100 × 0.000023 = 0.14 மீற்றர். பெருவிரலையும் சுண்டுவிரலையும் அகட்டினால் வரும் சாணுக்குச் சற்றுக் குறைவு. விமானியின் அறையிலே, பறப்புப் பொறியியலாளரின் கருவிப் பலகைக்கும் அருகிலிருந்த சுவருக்கும் இடையே, வானில் ஓர் இடைவெளி தோன்றும். தரையிறங்கிக் குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். கொன்கோட் ஓய்வுபெற்ற காலத்து இறுதிப் பறப்புகளிலே சில பொறியியலாளர் தமது தொப்பியை அந்த இடைவெளியிற் செருகி வைத்தனர். விமானம் குளிர்ந்தபின் அத்தொப்பி அங்கேயே அகப்பட்டுக்கொண்டது.

மாணவியின் வினாவிற்கு முதற் பகுதி விடை இதுவே. உலோகம் இறப்பரன்று, ஆயினும் சூடேறினால் நீளும். நீளுவதற்கு இடம் கொடுத்தால் தீங்கில்லை. இடம் கொடாவிட்டால் என்னவாகும் என்பதே அடுத்த வினா.

வீட்டு அவணிலே மெல்லிய இரும்புத் தட்டொன்றை வைத்துச் சூடாக்கும்போது, சிலவேளை "டொக்" என்றோர் ஓசை கேட்கும். தட்டு முறுகியிருக்கும். தட்டின் ஒரு பகுதி விரைவிற் சூடாகி விரிய முயல்கின்றது. சூடேறாத மற்றப் பகுதி அதனைத் தடுக்கின்றது. பக்கவாட்டில் விரிய வழியில்லாத உலோகம் மேலே உப்புகின்றது.

எவ்வளவு உப்பும்? 500 மில்லிமீற்றர் நீளமான தகடொன்றின் இரு முனைகளையும் அசையாதவாறு பூட்டியுள்ளோம் எனக் கொள்வோம். இரும்பாயின் ஏறத்தாழ 170 பாகை சூடேறியதும் அது ஒரு மில்லிமீற்றர் நீள விரும்பும். நடுவிலே மடிந்து கூரைபோல் உயருகின்றது என வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பாதியும் 250.5 மில்லிமீற்றர், அதன் அடி 250 மில்லிமீற்றர். வகுப்பிற் படித்த பைதகரசின் தேற்றத்தைக் கொண்டு உயரத்தைக் கணித்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 16 மில்லிமீற்றர்! ஒரு மில்லிமீற்றர் நீட்சியை அடக்கப் போய்ப் பதினாறு மில்லிமீற்றர் வீக்கத்தைப் பெற்றோம். உண்மையான தகடு வில்போல் வளைவதாற் சற்றுக் குறையும். ஆயினும் படிப்பினை மாறாது. வெப்பத்திற்கு மறுக்கப்பட்ட சிறிய இடம், வேறோரிடத்திற் பெரிதாக வெளிப்படும்.

இவற்றோடு இன்னுமொன்று. சூடேறிய உலோகம் தன் விறைப்பையும் வலிமையையும் இழக்கின்றது. எந்த நேரத்தில் அதனிடம் கூடிய பலத்தை எதிர்பார்க்கின்றோமோ, அந்த நேரத்திலேயே அது தளர்கின்றது.

மூன்றும் சேர்ந்த சுழல்

இதுவரை காற்றையும் வெப்பத்தையும் உலோகத்தையும் தனித்தனியே பார்த்தோம். அதிமீயொலிப் பறப்பின் உண்மையான சிக்கல், இம்மூன்றையும் தனித்தனியே பார்க்க இயலாமையே.

விமானத்தின் தோலிலே ஒரு தகடு சிறிது உப்புகின்றது எனக் கொள்வோம். அதுவரை சமதளத்தின்மேல் ஓடிய காற்று இப்போது ஒரு சிறு மேட்டைச் சந்திக்கின்றது. மேட்டின் முன்பக்கச் சரிவிலே காற்று நெருக்குண்கின்றது; அமுக்கமும் வெப்பமும் அங்கே கூடுகின்றன. பின்பக்கச் சரிவிலே குறைகின்றன. ஆகவே முன்பக்கம் மேலும் சூடேறி மேலும் விரிகின்றது. மேடு வளர்கின்றது. வளர்ந்த மேடு காற்றின் வழியை மேலும் மாற்றுகின்றது. சீராக ஓடிய மெல்லிய படலம் கலங்கிச் சுழிக்கத் தொடங்கினால், அதற்குப் பின்னாலுள்ள பகுதிக்குச் செல்லும் வெப்பம் பன்மடங்காகும்.

காற்று தகட்டைச் சுடுகின்றது. சுடப்பட்ட தகடு வளைகின்றது. வளைந்த தகடு காற்றைத் திருப்புகின்றது. திருப்பப்பட்ட காற்று மீண்டும் தகட்டைச் சுடுகின்றது. இச்சுழல் சிலவேளை ஓரளவில் அமைதியடையும். சிலவேளை அழிவிலே முடியும்.

சிலவேளைகளில் தகடு ஒரு நிலையில் நில்லாது படபடக்கவும் தொடங்கும். பலத்த காற்றிலே கொடி அடிப்பதைப் போன்றது இது. வெப்பத்தால் தளர்ந்த தகடு இதற்கு இலகுவில் ஆளாகும். கொடி கிழிய நாட்கள் செல்லும். விமானத் தகடு விரிசலடைய நெடுநேரம் வேண்டியதில்லை.

இதைக் கணித்தறிவதும் எளிதன்று. மாக் ஐந்திலே காற்று அரை மீற்றர்த் தகட்டைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் மூவாயிரத்தில் ஒரு பங்கு. வெப்பம் ஊர்தியின் உட்கட்டமைப்பு முழுவதும் பரவ நிமிடங்கள் செல்லும். கண்ணிமைப்பினும் மிகக் குறுகிய நிகழ்ச்சியையும் நிமிடக் கணக்கான நிகழ்ச்சியையும் ஒரே கணக்கிற் பிணைக்கவேண்டும். இன்றைய பெருங்கணினிகளுக்கும் இது கடினமான வேலையே.

எக்ஸ்-15 கற்பித்த பாடங்கள்

இவற்றை மனிதர் ஏட்டிலிருந்து மட்டும் அறியவில்லை. அமெரிக்காவில் 1959 முதல் 1968 வரை எக்ஸ்-15 என்னும் ஆராய்ச்சி விமானங்கள் மூன்று, மொத்தம் 199 முறை பறந்தன. பெரிய விமானமொன்றின் சிறகின்கீழ் தொங்கிச் சென்று, வானிலே விடுபட்டு, ரொக்கெற்று இயந்திரத்தால் உந்தப்பட்டுப் பறப்பவை அவை. நிக்கலும் குரோமியமும் கலந்த இன்கொனல் எக்ஸ் என்னும் உலோகத்தாற் தோல் அமைத்து, 650 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தைத் தாங்குமாறு வடிவமைத்திருந்தனர்.

சிறகின் முன்விளிம்பு விரிவதற்கென அங்கங்கே சிறு பிளவுகளை விட்டிருந்தனர். இடம் கொடுக்கவேண்டும் என்னும் பாடத்தை அவர்கள் அறிந்தே இருந்தனர். ஆனால் அப்பிளவுகளே காற்றைக் கலக்கின. ஒவ்வொரு பிளவிற்கும் பின்னால் ஓர் ஆப்பு வடிவிலே சூடு கூடி, சிறகின் தோல் நிரந்தரமாக முறுகிப் போயிற்று. பின்னர் பிளவுகளின்மேல் மெல்லிய மூடித் தகடுகளைப் பொருத்தினர். இடைவெளி விரிவதற்கு வேண்டும். அதே இடைவெளி காற்றிற்குத் தெரியவும் கூடாது!

1961 நவம்பர் 9ஆம் நாள் றொபேர்ட் வைற் என்னும் விமானி முதன்முறையாக ஒலியின் ஆறு மடங்கு வேகத்தைக் கடந்தார். அப்பறப்பிலே அவரது வலப்பக்கக் கண்ணாடியின் வெளித்தகடு நொறுங்கியது. கண்ணாடியைப் பற்றியிருந்த உலோகச் சட்டம் வெப்பத்தால் முறுகியமையே காரணம் எனக் கண்டனர். உட்கண்ணாடி தாங்கியமையால் அவர் பத்திரமாகத் தரையிறங்கினார். பின்னர் சட்டத்தைக் குறைவாக விரியும் தைத்தேனியத்தாற் செய்தனர்.

1964 ஓகஸ்ட் 14ஆம் நாள் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. றொபேர்ட் றஷ்வேத் என்னும் விமானி ஒலியின் நான்கு மடங்கிற்கு மேற்பட்ட வேகத்திற் சென்றுகொண்டிருந்தபோது, விமானத்தின் முன்சில்லு தானாகவே வெளியே வந்து விட்டது. யாரும் அதனை இயக்கவில்லை. முன்சில்லைப் பூட்டியிருந்த கொளுக்கியை விடுவிக்க ஓர் உருக்குக் கம்பி வடம் விமானத்தின் உள்ளே ஓடியது. வெப்பத்தால் விமானத்தின் உடல் நீண்டது. உள்ளேயிருந்த வடம் அந்த அளவிற்கு நீளவில்லை. உடல் நீண்டதே வடத்தை இழுத்துக் கொளுக்கியை விடுவித்தது! அவரும் உயிர் தப்பித் தரையிறங்கினார். விமானம் "இழுபட்டு நீளுவது" வெறும் வேடிக்கையன்று என்பதை இதனால் அறியலாம்.

1967 ஒக்டோபர் 3ஆம் நாள் வில்லியம் நைற் என்பவர் மணிக்கு 7,274 கிலோமீற்றர் வேகத்தை, அதாவது மாக் 6.7ஐ எட்டினார். விமானமொன்றிலே மனிதர் செலுத்திய வேகத்தில் இன்றளவும் அதுவே சாதனை. அன்று விமானத்தின் அடியிலே மாதிரி இயந்திரமொன்று பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து எழுந்த அதிர்ச்சியலைகள் அதனைத் தாங்கிய தண்டின்மீது மோதிய இடங்களில் வெப்பம் குவிந்து, உலோகத்திலே துளைகள் விழுந்தன. மாதிரி இயந்திரம் கழன்று வீழ்ந்தது. அந்த விமானம் மீண்டும் பறக்கவே இல்லை.

கொலம்பியாவின் துயரம்

எக்ஸ்-15இன் வேகத்தினும் நான்கு மடங்கு வேகத்திலே வளிமண்டலத்தினுள் நுழைந்தவை விண்ணோடங்கள். பூமியைச் சுற்றும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 7,800 மீற்றர். அவ்வேகத்திற் செல்லும் ஒரு கிலோ திணிவின் இயக்கசக்தி, ஏறத்தாழ 12 கிலோ நீரை முற்றாக ஆவியாக்கப் போதுமானது. தரையிறங்குமுன் இவ்வளவு சக்தியும் எங்கேனும் போயாகவேண்டும்.

இதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஜூலியன் அலன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். கூரான மூக்கே சிறந்தது என யாவரும் எண்ணியிருந்த காலத்தில், 1951ஆம் ஆண்டளவில், மழுங்கிய மூக்கே நன்று என அவர் காட்டினார். மழுங்கிய மூக்கின் முன்னே அதிர்ச்சியலை விலகி நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடேயே போய்விடும். மூக்கின் வளைவாரையை நான்கு மடங்காக்கினால் நுனியிற் சேரும் வெப்பம் பாதியாகும். விண்ணோடத்தின் மூக்கும் சிறகின் முன்விளிம்பும் உருண்டிருப்பது இதனாலேயே. அவ்விடங்களை ஏறத்தாழ 1,650 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கும் காபன் தகடுகளால் மூடியிருந்தனர். உள்ளேயிருந்த சட்டகமோ வெறும் அலுமினியம்.

2003 ஜனவரி 16ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. 82 செக்கன்களில், வெளித் தாங்கியிலிருந்து முக்காற் கிலோ அளவான நுரைத்துண்டொன்று பெயர்ந்து இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியது. ஒளிப்பதிவிலே இதைக் கண்ட பொறியியலாளர் சிலர் கவலையுற்றனர். விண்வெளியில் வைத்தே சிறகைப் படமெடுத்துப் பார்க்கவேண்டுமெனக் கேட்டனர். மேலிடத்தார் அதனை முன்னெடுக்கவில்லை. நுரை இலேசானது, அதனால் என்ன கேடு வரும் என்பதே எண்ணமாக இருந்தது.

பெப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா திரும்பியது. சிறகின் முன்விளிம்பிலிருந்த ஓட்டையினூடே சுடுவளி உள்ளே புகுந்தது. அலுமினியச் சட்டகம் உருகியது. உணர்கருவிகள் ஒவ்வொன்றாக மௌனமாயின. சிறகு உருக்குலையக் காற்றோட்டம் மாறியது. விண்ணோடம் இடப்பக்கம் இழுபட்டது. தானியங்கிக் கருவிகள் அதனை நேராக்க இறுதிவரை போராடின. நாம் மேலே கூறிய அதே சுழல் இங்கே தன் முடிவு வரை சென்றது. டெக்சாஸ் மாநிலத்தின் வானிலே விண்ணோடம் சிதைந்தது. இந்தியாவிலே கர்னால் நகரிற் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு யூலை மாதத்திற் செய்யப்பட்ட சோதனையொன்றில், அதே அளவான நுரைத்துண்டைக் காபன் தகட்டின்மீது வேகமாகச் செலுத்தினர். ஒரு முழத்திற்குச் சற்றே குறைந்த அகலத்தில் ஓட்டை விழுந்தது. விசாரணைக் குழுவினர் நுரையை மட்டும் குற்றஞ்சாட்டவில்லை. கேட்கவேண்டிய வினாக்களைக் கேட்கவிடாத நிருவாகப் பழக்கமும் அதே அளவிற்குக் காரணம் என்று எழுதினர்.

இன்றும் தொடரும் தேடல்

இன்று தைத்தேனியம், நிக்கற் கலப்புலோகங்கள், காபன் நாரும் மட்பாண்டப் பொருளும் சேர்ந்த தகடுகள் எனப் பல பொருட்களை ஆராய்கின்றனர். சில ஊர்திகளிலே மேற்படை எரிந்து தேய்ந்து, வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லுமாறு விடுகின்றனர். சிலவற்றிலே இயந்திரத்திற்குச் செல்லும் குளிரான எரிபொருளையே தோலின்கீழ் ஓடவிட்டுக் குளிர்விக்கின்றனர்.

ஆயினும் வியப்புகள் தீர்ந்தபாடில்லை. 2011 ஓகஸ்ட் 11ஆம் நாள் அமெரிக்கா பறக்கவிட்ட ஆளில்லா ஊர்தியொன்று மாக் இருபது அளவான வேகத்தை எட்டியபின் இழக்கப்பட்டது. எதிர்பார்த்ததினும் கூடுதலாகத் தோல் உரிந்ததும், அதனால் உண்டான இடைவெளிகளில் வலிய அதிர்ச்சியலைகள் எழுந்ததுமே காரணம் எனப் பின்னர் அறிவித்தனர்.

ஒன்றை மறைப்பது முறையன்று. இவ்வறிவு விண்வெளியிலிருந்து மனிதரை வீடு சேர்க்கவும் பயன்படுகின்றது. மிக விரைவான ஏவுகணைகளைச் செய்யவும் பயன்படுகின்றது. இதை எழுதும் எமது கை சற்றுத் தயங்குவதற்குக் காரணமுண்டு. நாம் பிறந்த மண்ணிலே அன்று விமான ஓசை கேட்டால் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடியதில்லை; பதுங்குகுழிக்கு ஓடினார்கள்.

நாம் அங்கே ஆசிரியராயிருந்த காலத்தில், ஓலைக் கொட்டிலிலே ஒருநாள் உலோகங்களின் விரிவு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். வானில் இரைச்சல் கேட்டது. பிள்ளைகளைப் பதுங்குகுழியில் இறக்கினோம். ஓசை அடங்கியபின் மீண்டும் கொட்டிலுக்கு வந்து கரும்பலகையண்டை நின்றபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், அவ்வளவு வேகமாகப் போகிற விமானம் ஏன் சூட்டில் உருகுவதில்லை?" என்று கேட்டான். அவனது கால்களில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. பரீட்சை நெருங்கியிருந்தது. பாடமோ பாதியில் நின்றது. "அது பாடத்திட்டத்தில் இல்லை, இரு" என்று கூறிவிட்டோம். அவன் இருந்துவிட்டான். பின்னர் இடப்பெயர்வுகள் வந்தன. அவன் இன்று எங்கிருக்கின்றான் என்பதை நாம் அறியோம்.

புறூக்லண்ட்சிலே எமது மாணவி கேட்டபோது நாம் சிரிக்காமைக்குக் காரணம் அதுவே. இக்கட்டுரையின் பாதி அவளுக்கு, பாதி அவனுக்கு.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வினவும்போது எந்த மொழியில் வினவினாலும் "பேசாமல் இரு" என்று கூறாதீர்கள். விடை தெரியாவிடின் "சேர்ந்து தேடுவோம்" என்று தமிழிலே கூறுங்கள். விஞ்ஞானம் தமிழிற் பேசத்தகாத பொருளன்று. வண்டிச் சில்லும் அவண் தட்டும் சைக்கிள் பம்பும் தெரிந்தவருக்கு எக்ஸ்-15உம் விளங்கும். வெப்பத்திற்கு விரிய இடம் கொடாத தகடு முறுகுகின்றது. வினாவிற்கு இடம் கொடாத வீடும் வகுப்பறையும் அத்தகையனவே.

மாணவர்கள் சிந்திப்பதற்கு மூன்று வினாக்கள்:

1. 50 மீற்றர் நீளமான உருக்குத் தண்டவாளமொன்று 40 பாகை சூடேறினால் எவ்வளவு நீளும்? உருக்கு ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு 0.000012 மீற்றர் நீளும் எனக் கொள்க.

2. புறக்காற்று 217 கெல்வினாயிருக்கையில், மாக் மூன்றிலே மூக்கின் முன் நிறுத்தப்படும் காற்றின் வெப்பநிலை என்ன? அங்கே அலுமினியத் தோலை நம்பலாமா?

3. இந்த இரு கணக்குகளிலும் இல்லாத ஒரு வினாவை நீங்களே ஆக்குக.

விடைகளை அடுத்த சனிக்கிழமை வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவதற்கே கூடிய புள்ளி.